கல்லூரியில் எல்லா விருதையும் அள்ளிய ஜிம்மர் ஃப்ரெடெட் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஏன் நிலைக்கவில்லை? இப்போது என்ன செய்கிறார்?

கேள்வியோடு ஒரு குறிப்பும் போட்டிருக்கிறீர்கள்: "ரஞ்சியில் ரன் குவித்துவிட்டு டெஸ்டில் திணறும் பேட்ஸ்மேன் கதைதானே இது?" எனக்கு அந்த ஒப்பீடு ஒட்டவில்லை. டெஸ்டில் இறங்கும் பேட்ஸ்மேனுக்கு எதிர்முனையில் எவ்வளவு பெரிய ஆள் நின்றாலும் தன் பங்குக்குப் பந்து வந்தே தீரும். அவர் ஆடுவதும் ஆடாததும் அவர் கையில். கூடைப்பந்தில் களத்தில் அணிக்கு ஐந்து பேர், பந்து ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கோச்சும் அணியின் பெரிய சம்பளக்காரர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். ஜிம்மர் கதையில் பாதி இதுதான். மீதிப் பாதி டிஃபென்ஸ், அதாவது எதிரணி புள்ளி எடுக்காமல் தடுப்பது. இரண்டும் எப்படி ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன என்பதைச் சொல்லப் பார்க்கிறேன். நானும் கல்லூரி அணியில் கார்டு (வெளிவட்டத்தில் பந்தைக் கையாளும் இடம்) ஆடியவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1989-ல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தின் வடக்கே க்ளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிறிய ஊர்க்காரர், உயரம் 6 அடி 2 அங்குலம். 2010-11 பருவத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித் விருது, வுடன் விருது, ஏபி செய்தி நிறுவன விருது, ஆஸ்கர் ராபர்ட்சன் கோப்பை எல்லாமே அவருக்குத்தான் போயின. 2007-ல் நெய்ஸ்மித் வாங்கியவர் கெவின் டுரான்ட், 2012-ல் ஆன்டனி டேவிஸ், இருவருமே என்பிஏ-வின் பெரிய நட்சத்திரங்கள். அந்த வரிசையில் நடுவில் நிற்கிற பெயர் இது என்றால் அன்றைய எதிர்பார்ப்பு புரியும்.

அவருடைய அண்ணன் டிஜே-வைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. ஊரில் மோர்மன் சர்ச் கட்டடத்தின் நடைபாதையில் விளக்கை அணைத்துவிட்டு, தம்பியைப் பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்துகொண்டு ஓடச் சொல்வாராம். பக்கத்து அறைகளிலிருந்து திடீரெனப் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவது அண்ணனின் வேலை. பள்ளிப் பருவத்திலேயே, என்பிஏ-வில் ஆடுவதற்குத் தேவையான உழைப்பையும் தியாகத்தையும் செய்வேன் என்று ஒரு தாளில் ஒப்பந்தம் மாதிரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அந்தத் தாள் ஜிம்மரின் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. அப்புறம் சிறைச்சாலை ஆட்டங்கள். பக்கத்துச் சிறைகளுக்கு ஓர் அணியாகப் போய்க் கைதிகளோடு ஆடுவார்கள். ஒல்லிப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான் என்று முதலில் கேலி செய்தவர்கள், ஆட்டம் முடிவதற்குள் அவன் பக்கம் சேர்ந்து கத்தத் தொடங்கிவிடுவார்கள் என்று ஜிம்மரே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் எந்த மைதானத்தில் எத்தனை ஆயிரம் பேர் திட்டினாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. காரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரிய கூடைப்பந்துக் கல்லூரிகள் அவரைத் தேடி ஓடி வரவில்லை. யூட்டா மாநிலம் ப்ரோவோவில் இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மோர்மன் திருச்சபை நடத்தும் பல்கலை அது. அங்குள்ள மாணவர்களில் பலர் இரண்டு வருடம் மதப் பணிக்காக வெளியூர், வெளிநாடு என்று போய்விட்டு வருவார்கள். ஜிம்மர் அதைச் செய்யாமல் ஆட்டத்திலேயே இருந்துவிட்டார். மூன்றாம் வருட முடிவில், 2010-ல், என்பிஏ டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுத்துவிட்டு, பிறகு விலக்கிக்கொண்டு நான்காம் வருடம் ஆடத் திரும்பினார். அந்த ஒரு முடிவுதான் அவரை நாடறிந்த ஆளாக்கியது.

அந்தப் பருவத்தில் சராசரி 28.9 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். எண்ணை விடுங்கள், 2011 ஜனவரி 26-ஆம் தேதி ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணி சான் டியேகோ ஸ்டேட், அதுவரை 20 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காத அணி, நாட்டின் தரவரிசையில் நான்காவது. ப்ரோவோவில் இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். பிரிகாம் யங் 71-58 என்று ஜெயித்தது. அந்த 71-ல் 43 ஜிம்மருடையது. எப்படிப் போட்டார் என்பதுதான் சுவாரசியம். பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி மெதுவாக, ஏதோ பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவர் மாதிரி வருவார். எதிராளி ஒரு அடி பின்வாங்கி நின்றால், தாண்டி எறிந்தால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கும் வெகு தூரம் வெளியே, பெரும்பாலான கோச்சுகள் தலையில் அடித்துக்கொள்ளும் இடத்திலிருந்து எறிவார். சரி, இனி விடக்கூடாது என்று எதிராளி நெருங்கி வந்தால் ஒரு தயக்க டிரிபிள், தோளை லேசாகச் சாய்ப்பது, அவ்வளவுதான், உள்ளே போயிருப்பார். வேகமே இல்லாத ஆள். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தாளத்தைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. ஆட்டத்துக்குப் பிறகு டுரான்ட், உலகத்திலேயே சிறந்த ஸ்கோரர் இவர்தான் என்று ட்வீட் போட்டார்.

அந்த சான் டியேகோ ஸ்டேட் அணியில் இருந்த ஒரு பையன் பெயர் கவாய் லெனார்ட். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் நியூ மெக்சிகோவுக்கு எதிராக 52 புள்ளி எடுத்தார், அப்போது அது அந்தப் பல்கலையின் சாதனை. அதற்குச் சில நாட்கள் முன்புதான் அணியின் முக்கிய உயர வீரர் ஒருவர் பல்கலையின் ஒழுக்க விதியை மீறியதாக இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். ரீபவுண்டுக்கு (தவறிய எறிவில் திரும்பும் பந்தைப் பிடிக்க) ஆளில்லாத அணியை ஏறக்குறைய ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளுக்குள் போனார். அங்கே ஃப்ளோரிடாவிடம் ஓவர்டைமில் 83-74 என்று தோல்வி. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 32. ஆனால் 29 எறிவில் 11-தான் விழுந்தது, மூன்று புள்ளி எறிவில் 15-க்கு 3. அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்கு 43 எவ்வளவு சாட்சியோ, இந்த 29-க்கு 11-உம் அவ்வளவு சாட்சி. விழுந்தாலும் விழாவிட்டாலும் எறிந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு அணி ஒத்துழைக்க வேண்டும். ப்ரோவோவில் ஒத்துழைத்தார்கள்.

இப்போது டிராஃப்ட். 2011 ஜூனில் பத்தாவது ஆளாக மில்வாக்கி அணி எடுத்து, முன்பே பேசியிருந்த பரிமாற்றத்தில் சாக்ரமென்டோ கிங்ஸுக்கு அனுப்பிவிட்டது. பதினொன்றாவதாகப் போனவர் க்ளே தாம்சன். பதினைந்தாவது, மேலே சொன்ன கவாய் லெனார்ட். இருவரும் பிறகு என்பிஏ-வின் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். சாக்ரமென்டோ ரசிகர்கள் இன்றுவரை இதைச் சொல்லிப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. அந்த வருடம் அந்த அணியையே அனஹைம் நகருக்கு மாற்றப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டிக்கெட் விற்கும், ஜெர்சி விற்கும் ஒரு பெயர் தேவைப்பட்ட நேரம். ஆட்டத் தேவையைவிட அந்தக் கணக்குதான் அதிகம் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

போன இடத்தில் நிலைமை எப்படி என்றால், உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறில் லீக்கே பூட்டிக் கிடந்தது. புது வீரர்கள் பழகிக்கொள்ளும் கோடைக்கால ஆட்டங்கள் அந்த வருடம் இல்லை. டிசம்பரில் அவசர அவசரமாகப் பயிற்சி, கிறிஸ்துமஸ் அன்று பருவத் தொடக்கம், 82-க்குப் பதில் 66 ஆட்டம். ஏழாவது ஆட்டம் முடிந்ததும் கோச் பால் வெஸ்ட்ஃபாலை நீக்கிவிட்டு கீத் ஸ்மார்ட்டைப் போட்டார்கள். அணியில் ஏற்கெனவே டைரீக் எவான்ஸும் மார்கஸ் தார்ன்டனும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பந்து கையில் இருந்தாக வேண்டும். உள்ளே டிமார்கஸ் கசின்ஸ், அவருக்கும் பந்து வேண்டும். இந்தக் கூட்டத்தில் நான்காவதாக வரிசையில் நின்றார் நம் ஆள்.

இதைவிடக் கொடுமை, அதே டிராஃப்டில் கடைசி ஆளாக, அறுபதாவதாக, அதே கிங்ஸ் எடுத்த ஐசையா தாமஸ். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். அந்த முதல் பருவம் முடிவதற்குள்ளேயே ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடம் அவருடையதாகிவிட்டது. அதனால் "குள்ளம் என்பதால் ஒதுக்கினார்கள்" என்ற வாதம் எடுபடாது. தாமஸிடம் இருந்தது முதல் அடியின் வெடிப்பு. ஜிம்மரிடம் அது இல்லை. கல்லூரியில் அவருடைய தயக்க டிரிபிளில் ஏமாந்த எதிராளி திரும்பி வருவதற்குள் அவர் கூடைக்குப் போய்விடுவார். என்பிஏ-வில் ஏமாந்தவனும் இரண்டே அடியில் திரும்பி வந்துவிடுகிறான், அவனுக்குப் பின்னால் ஏழடி ஆள் ஒருவன் வேறு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

எறிவு அவரைக் கைவிடவில்லை, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் பருவத்தில் மூன்று புள்ளி எறிவில் 41.7 சதவீதம். மூன்றாவதில், சாக்ரமென்டோவில் இருந்தவரை, ஏறக்குறைய பாதி உள்ளே போயிற்று. வேறு எவராவது இந்த எண்ணை வைத்திருந்தால் ஆட்டத்துக்கு 25 நிமிடம் கிடைத்திருக்கும். அப்படியானால் ஏன் பெஞ்ச்? டிஃபென்ஸ்.

இது எப்படி நடக்கும் என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். நீங்கள் மெதுவான ஆள் என்று எதிரணி கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் யாரைக் காக்கிறீர்களோ அவனையே ஸ்கிரீன் போட அனுப்புவார்கள். அவன் வந்து உங்கள் கூட்டாளிக்குக் குறுக்கே நிற்பான். ஆள் மாறிக்கொள்ள வேண்டிவரும். இப்போது உங்கள் முன்னால் நிற்பது எதிரணியின் ஆகச் சிறந்த ஸ்கோரர். ஒரு தடவை ஏமாந்தால் பரவாயில்லை, அடுத்த தடவையும் அதே ஆட்டம்தான், அதற்கடுத்த தடவையும். உதவிக்கு மற்ற நால்வரும் ஓடிவர, மூலையில் ஒருவன் தனியாக நின்று எறிவான். பெஞ்சில் கோச் எழுந்து நிற்பது உங்கள் ஓரக்கண்ணில் தெரியும். கல்லூரியில் ஜிம்மருக்கு டிஃபென்ஸில் எப்போதும் லேசான வேலைதான் கொடுத்தார்கள். ஃபவுல் வாங்கி வெளியேறிவிடக் கூடாது, தாக்குதலுக்குத் தெம்பு வேண்டும் என்ற கணக்கு. அவர் 30 புள்ளி எடுக்கும்போது அது லாபக் கணக்கு. என்பிஏ-வில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 12 நிமிடத்தில் 6 புள்ளி எடுக்கும் ஆளுக்கு அந்தச் சலுகை யாரும் தரமாட்டார்கள்.

அடுத்து வந்த மைக்கேல் மலோன் டிஃபென்ஸ் பேசும் கோச். 2014 பிப்ரவரியில் கிங்ஸ் கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. பிறகு சிகாகோ புல்ஸ், நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ், சான் அன்டோனியோவில் எட்டிப்பார்த்தது, கீழ்நிலை லீக்கில் வெஸ்ட்செஸ்டர், நியூயார்க்கில் ஒரு பத்து நாள் ஒப்பந்தம். வேகமாகத் தாண்டிவிடலாம். நியூ ஆர்லியன்ஸில் எறிவும் கெட்டது. மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, களத்தில் இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் எறிந்து போடச் சொன்னால் யாருக்கும் கெடத்தான் செய்யும். கைக்குப் பந்து பழகியிருக்க வேண்டிய ஆட்டக்காரருக்கு இன்னும் மோசம்.

"ஐந்து வருடம் தாமதமாகப் பிறந்திருந்தால் ஸ்டீஃப் கரி ஆகியிருப்பார்" என்று சொல்பவர்கள் நிறைய. தூரத்து எறிவுக்குப் பேர்போன கரி, பருவத்தின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை முதலில் வாங்கியது 2015-ல், அதற்குப் பிறகுதான் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து எறிவது தவறில்லை என்று லீக் ஒத்துக்கொண்டது, உண்மைதான். ஆனால் எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். அதே காலத்தில்தான் பலவீனமான டிஃபென்டரைத் தேடித் தேடி அடிக்கும் வழக்கமும் பெருகியது. இன்னொரு கல்லூரி விருதாளர் ஜேலன் ப்ரன்சனைப் பாருங்கள். அவரும் உயரமில்லை, வேகமில்லை, 33-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். இன்று நியூயார்க்கின் நாயகன். அவர் உடம்பை எதிராளி மேல் சாய்த்து, கால்களை மாற்றி மாற்றி வைத்து, மூன்றடி இடம் கிடைத்தால் போதும் என்று ஆடுகிறவர். முதல் வருடங்களில் டாலஸில் பந்து இல்லாமலும் ஆடக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருந்தார்கள். சாக்ரமென்டோவில் அப்படி நிதானமான சூழல் இல்லை என்பது ஜிம்மர் தரப்பில் சொல்ல வேண்டிய நியாயம்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 2016-ல் சீனாவுக்குப் போனார், சீனாவின் முன்னாள் நட்சத்திரம் யாவ் மிங்குக்குச் சொந்தமான ஷாங்காய் ஷார்க்ஸ் அணி. சீன லீக்கில் ஓர் அணியில் வெளிநாட்டு வீரர்கள் ஒன்றிரண்டு பேர்தான், வந்தவர்கள் புள்ளி போட்டுத் தள்ள வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அதாவது பந்து முழுக்க உன்னுடையது, எடுத்துக்கொள். முதல் பருவத்திலேயே சராசரி 37-க்கு மேல், சிறந்த வெளிநாட்டு வீரர் விருது. ஓர் ஆட்டத்தில் 73. 2018 நவம்பரில் பெய்ஜிங் அணி ஒன்றுக்கு எதிராக 75. வேடிக்கை என்னவென்றால் 73 எடுத்த ஆட்டத்திலும் ஷாங்காய் தோற்றது, 75 எடுத்த ஆட்டத்திலும் தோற்றது, அதுவும் ஒரே ஒரு புள்ளியில். சீன ரசிகர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயருக்கு 'தனிமைக் கடவுள்' என்று பொருள். ஷாங்காயில் அவர் முகம் போட்ட விளம்பரங்கள், ஷூ ஒப்பந்தம் எல்லாம் வந்தன. இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் "காணாமல் போனவர்" என்று அவரைச் சொல்வது எனக்கு எரிச்சலைத் தரும்.

2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூப்பிட்டதும் மறுபடி என்பிஏ. யூட்டாவில் ஓர் ஆட்டம் அமைந்தது. சால்ட் லேக் சிட்டி, அவர் கல்லூரியிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். எதிரணி வீரர் என்று பார்க்காமல் உள்ளூர்க் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தி உள்ளே இறக்கச் சொன்னது. இறங்கினார். பத்து எறிவு, ஒன்றுதான் விழுந்தது. ஒவ்வொரு தடவை பந்து அவர் கைக்கு வரும்போதும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும், வளையத்தில் பட்டு வெளியே போகும், "ஐயோ" என்று உட்காரும். அதே ஆட்டத்தில் சன்ஸின் டெவின் புக்கர் 59 புள்ளி எடுத்தார், அப்படியும் அணி 33 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. சன்ஸுக்காக ஆடிய ஆறு ஆட்டத்தில் ஜிம்மருக்கு ஒரு மூன்று புள்ளி எறிவுகூட விழவில்லை. அதோடு என்பிஏ முடிந்தது. மொத்தம் ஏறக்குறைய 240 ஆட்டம், சராசரி 6 புள்ளி.

அடுத்த பருவம் ஏதென்ஸில் பானதினாய்க்கோஸ் அணி, கோச் ரிக் பிட்டினோ. கிரேக்க லீக் பட்டம் கிடைத்தது. பிறகு இன்னொரு முறை ஷாங்காய்.

அப்புறம் 3x3. தெரியாதவர்களுக்கு: அரை மைதானம், ஒரே கூடை, பக்கத்துக்கு மூன்று பேர், மாற்றாள் ஒருவர். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, எது முந்துகிறதோ அது. கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் 2, உள்ளிருந்து 1. அதாவது தூரத்து எறிவுக்கு இரட்டை மதிப்பு. எறிய 12 நொடிதான், ஓரத்தில் நின்று கத்தக் கோச் கிடையாது. ஜிம்மரை மனதில் வைத்தே விதி எழுதினார்களோ என்று தோன்றும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3x3 முதல்முறை வந்தபோது அமெரிக்க ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை, அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இவரை அழைத்தார்கள். 2023-ல் வியன்னா உலகக் கோப்பையில் வெள்ளி, இறுதியில் செர்பியாவிடம் தோல்வி. அதே வருடம் சான்டியாகோ பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 35. கான்கார்ட் சதுக்கத்தில் திறந்தவெளி மைதானம். முதல் ஆட்டத்தில் செர்பியாவிடம் தோல்வி. போலந்துடன் இரண்டாவது ஆட்டம், அதில் தொடையின் உட்புறத் தசைநார் கிழிந்தது. 3x3-ல் போட்டி நடுவே வேறு ஆளைச் சேர்க்க முடியாது. மீதி ஆட்டம் எல்லாவற்றையும் கேன்யன் பாரி, கரீம் மாடக்ஸ், டிலன் டிராவிஸ் மூவரும் ஓய்வெடுக்க மாற்றாளே இல்லாமல் ஆடினார்கள். பாரிஸ் வெயிலில், மற்ற அணிகள் நான்கு பேரைச் சுழற்றிக்கொண்டிருக்க, இவர்கள் மூவரும் முழங்காலில் கைவைத்து நின்றதைப் பார்த்தேன். ஏழில் இரண்டு வெற்றி, அவ்வளவுதான். ஜிம்மர் இருந்திருந்தால் பதக்கம் வந்திருக்குமா என்றால், அன்று ஆடிய நெதர்லாந்தையும் லாட்வியாவையும் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே. ஆனால் இப்படி இருந்திருக்காது.

2025 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தார். இப்போது அமெரிக்கக் கூடைப்பந்துக் கூட்டமைப்பில் ஆண்கள் 3x3 தேசிய அணியின் மேலாண் இயக்குநர். யார் யார் அணிக்கு வேண்டும், யாரைப் பழக்க வேண்டும் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. என்பிஏ-வில் இடம் கிடைக்காமல் ஐரோப்பாவிலும் சீனாவிலும் எறிந்துகொண்டிருக்கும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அந்தப் பட்டியலை அவர் அளவுக்கு அறிந்தவர் அமெரிக்காவில் குறைவாகத்தான் இருப்பார்கள்.